வேலைக்காரன் மகனுக்கு எப்போது தீர்ப்பு?

தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய்த் திரை கட்டிப் பழைய படம் காட்டுவது என் தொழில். திரையில் ஓடுவதைவிட அதற்கு முன்னால் நடப்பதுதான் பெரிய படம் என்பது, இதே தொழிலில் ஸ்பீக்கர் தூக்கி முதுகு ஒடிந்த உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இரண்டு கைதட்டல்

தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் என்னைத் தேடுவார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கறுப்பு வெள்ளைப் படம்தான். ஜமீன்தார் மகனும் வேலைக்காரன் மகனும் சேர்ந்து திருடுவார்கள்; ஒருவனுக்குப் புத்திமதி, மற்றவனுக்கு விலங்கு. வட்டவளைப் பக்கத் தோட்டமொன்றில், இடைவேளையில் மைக்கைப் பிடித்த தலைவர், "அந்த ஜமீன்தார் யாரு? எதிர்க்கட்சிக்காரன்தான்!" என்றார். கைதட்டலில் லயத்து வீடுகளே அதிர்ந்தன. அடுத்த வாரம் எதிர்க்கட்சி வந்தது. அதே படம், அதே பேச்சு, அதே கைதட்டல். கொழுந்தெடுக்கும் லெட்சுமி அக்காவிடம் விசாரித்தேன்.

"ரெண்டு பேரும் சொன்னது உண்மதானே தம்பி, அதான் ரெண்டு தடவயும் தட்டுனோம்."

சுனிலுக்கு ஒரு போன்

டவுனில் சுனிலுக்கும் இதே தொழில். அவன் காட்டுவது பழைய சிங்களப் படம். ஸ்பீக்கர் பெர்மிட்டுக்கு நான் பொலிசுக்கு நடையாய் நடப்பேன். அவனுக்கு ஒரு போன் போதும். பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை, அவன் சிரித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டவுன் மைதானத்தில் சனிக்கிழமை அவன் படம் நடுச்சாமம்வரை ஓடியது. ஞாயிறு என் முறை, அதே ஜமீன்தார் படம். கோர்ட்டில் நீதிபதி தீர்ப்புச் சொல்ல வாயைத் திறக்கும் நேரம், ஒரு பொலிஸ்காரர் வந்து, பெர்மிட்டைக் காட்டியும், நிறுத்தச் சொன்னார். சனங்கள் என்னைத்தான் திட்டிக்கொண்டு கலைந்தார்கள். முடிவைக் காட்டாவிட்டால் இனி எந்தத் தோட்டம் என்னைக் கூப்பிடும்? "நேத்து சுனில் படத்தை விட்டீங்களே சேர்?" என்றேன்.

"மல்லி, அது படம். இது சத்தம்" என்றார், சிங்களத்தில் 'தம்பி' என்று கூப்பிட்டே.

மீதிப் படம்

மறுநாள் சுனிலே என் கடைக்கு வந்தான். நக்கலடிக்கத்தான் வருகிறான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "எங்க வீட்டு நோனா, என் பொஞ்சாதியும் பாதிதான் பாத்திச்சு மச்சான். சோறு போடாம முடிவு கேக்குது. என் பெர்மிட்ல ஒன் படத்தப் போடு" என்றான். கசப்பை விழுங்கிக்கொண்டு சம்மதித்தேன்.

அந்தச் சனிக்கிழமை, அதே மைதானத்தில், அதே ஸ்பீக்கரில், வேலைக்காரன் மகன் விடுதலையானான். யாரும் நிறுத்தவில்லை. அதே பொலிஸ்காரர் கடைசிவரை நின்று பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நல்ல படம் மல்லி. அன்னைக்கு ஏன் பாதியில நிப்பாட்டின?"

வேலைக்காரன் மகனுக்குத் தீர்ப்புக் கிடைத்துவிட்டது. பெர்மிட்டில் இருந்த பெயரை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.