நடுவில் விட்டுப்போன லாக்

எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் இன்றைக்குச் செஞ்சியில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் அண்டா குண்டான் என் கடையிலிருந்துதான் போக வேண்டும். மூன்று வாடகைக் கடை, ஒரு மண்டபம், இரண்டு வேன். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை, நானே உழைத்துச் சேர்த்தது. இதையெல்லாம் நம்புகிறவர்கள், பாவாடை சட்டை வயதில் ப்ளஸ் டூ கணக்கைத் திருத்தியவள் நான் என்றால் மட்டும் சிரிக்கிறார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

எண்பதுகளில் எங்கள் நைனாவுக்குத் திருவண்ணாமலை ரோட்டில் ஒரே ஒரு கடை. விசேஷம் முடிந்து வல்லம், தொண்டூர் பக்கமிருந்து மாட்டு வண்டியில் பாத்திரங்கள் திரும்பி வரும். இடம் அடைக்காமல் இருக்க ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு அனுப்பியிருப்பார்கள். அதைச் சரிபார்ப்பது என் வேலை. அதற்கு நைனா ஒரு முறை வைத்திருந்தார். உள்ளே இருப்பதைக் கலைக்காமல் அப்படியே மொத்தமாகத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும். வெளி அண்டாவை முதலில் எழுத வேண்டும். பிறகு தூக்கி வைத்ததில் எது வெளியே இருக்கிறதோ அது. அப்புறம் அதற்கும் உள்ளே இருப்பது. அவசரப்பட்டுக் கவிழ்த்துக் கொட்டினால் வேறு வீட்டுச் சாமானோடு கலந்து, எது குறைந்தது என்றே தெரியாமல் போய்விடும். நான் ஒரு கரண்டியைக்கூட விட்டதில்லை.

அண்ணன் அப்போது ப்ளஸ் டூ. காலாண்டு, அரையாண்டு இரண்டிலும் கணக்கில் ஃபெயில்.

"செஞ்சியில பொறந்துட்டு இப்பிடிக் கோட்டை விடறியேடா" என்றார் நைனா. "பாஸானா திண்டிவனம் காலேஜு. இல்லாட்டி இங்கியே ஒக்காந்து அண்டா எண்ணு. கடைக்கு ஒரு ஆளு வேணும், அவ்ளோதான்."

அண்ணனுக்குக் கடை என்றாலே கசப்பு. பாத்திரக் கரி கையில் பட்டால் மூன்று தடவை சோப்புப் போடுகிறவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து ஒரே கணக்கை நாலாவது முறையாக அடித்துக்கொண்டிருந்தான். வகைக்கெழு காண்க என்று போட்டிருந்தது. லாக்குக்குள் லாக், அதற்குள்ளும் ஒரு லாக், கடைசியில் ஓர் எக்ஸ். புத்தகத்தின் பின்னால் இருந்த விடையோடு அவனுடையது ஒத்துவரவில்லை.

"லாக்க எடுத்தா இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

"உள்ள இன்னா இருக்குதோ அது கீழ போவும், மேல ஒண்ணு வரும். போடி, சங்கிலி விதி உனக்குப் புரியாது."

எட்டிப் பார்த்தேன். ஒன்றின் கீழ் லாக் லாக் எக்ஸ். பெருக்கல். ஒன்றின் கீழ் எக்ஸ். முடிந்தது.

"மூணு லாக்கு இருக்குது. நீ ரெண்டு துண்டுதான் எழுதிக்கீற. நடுவுல இருந்தது எங்க?"

"இன்னாது நடுவுல?"

"வெளி லாக்க எடுத்த. உள்ள ரெண்டும் கலையாம கீழ வந்துச்சி, சரி. அந்த ரெண்டுல வெளிய இருக்கறத எடுக்கணும் இல்ல? நீ நேரா எக்ஸுக்குத் தாவிட்ட."

அண்ணன் என்னை முறைத்தான். பிறகு நடுவில் 'ஒன்றின் கீழ் லாக் எக்ஸ்' என்று நுழைத்தான். கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். விடை அச்சு அசலாக ஒத்துவந்தது.

"அடிப்பாவி!" என்று என் தலையில் குட்டினான். அவன் சிரித்து நான் பார்த்து மூன்று மாதம் இருக்கும்.

சாப்பாடு கொண்டுவந்த அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "உன்ன யாருடி கேட்டாங்க? வந்த வண்டியப் பாக்காம இதுல ஏன் பூந்துக்கற?" என்று பல்லைக் கடித்தாள். அம்மாவுக்குக் கணக்கும் தெரியவில்லை, கெட்டிக்காரப் பெண்ணின் அருமையும் தெரியவில்லை என்று எனக்குக் கோபமான கோபம்.

அந்தக் கோபத்திலேயே பரீட்சை வரைக்கும் தினமும் சாயங்காலம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சூத்திரம் அவனுடையது, கண் என்னுடையது. எங்கே தாவினாலும் நோட்டில் விரலை வைப்பேன். அண்ணன் பாஸானான். நைனா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். திண்டிவனத்துக்கு டிரங்குப் பெட்டி கிளம்பியது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் நைனா என்னைக் கூப்பிட்டுக் கடைச் சாவியைக் கையில் வைத்தார். "இனிமே நீதாம்மா தொறக்கணும்" என்றார். அம்மா அடுப்பைவிட்டு எழுந்து வரவில்லை. அண்ணன் கணக்கைத் திருத்தியதற்குக் கிடைத்த பரிசு என்றே நினைத்தேன். சாவியைப் பாவாடை நாடாவில் முடிந்து, எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் ஆட்டிக் காட்டிக்கொண்டு நடந்தேன். தோளில் ஒன்பதாம் வகுப்புக்கான புது நோட்டுகளோடு பை. கடையைத் திறந்து வைத்துவிட்டு, நைனா வந்ததும் முதல் மணிக்குள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.