வெர்னாவின் ஓட்டு

கனடாவின் சாஸ்கச்சுவான் மாகாணத்தில் எங்கள் ஊரில் கோதுமைக் கிடங்கில் எடை போடுபவள் வெர்னா. இருபது வயதுக்குட்பட்டோர் ஐஸ் ஹாக்கி அணியின் நிர்வாகக் குழுவிலும் இருந்தாள். தேறாத அந்த அணியை நான்கே வருடத்தில் இறுதிப் போட்டிவரை கொண்டுவந்தவர் மேலாளர் ஒரெஸ்ட். அதற்காகச் சிறுவயது ஆட்டக்காரர்களை வெளியூர் அணிகளுக்குக் கொடுத்து, வயது வரம்பை நெருங்கிய அனுபவசாலிகளை வாங்கினார். அப்படிப் போனவர்களில் வெர்னாவின் மகன் டேனும் ஒருவன். இறுதிப் போட்டியில் தோற்றோம்.

ஏப்ரலில், ஒரெஸ்டை வைத்துக்கொள்வதா என்று குழு கூடியது. நான் செயலாளர். மூன்றுக்கு மூன்று ஓட்டு, மிச்சம் வெர்னா.

"அவரு கட்டுனது ஒரு வருஷத்து டீம். வந்தவனுக்கெல்லாம் இருபது வயசு தாண்டுது. அடுத்த சீசன் யாரு ஆடுவா? அவரு வேண்டாம்" என்றாள்.

ஒரெஸ்ட் எழுந்து கோட்டை மாட்டினார். "டேனுக்காகத்தானே வெர்னா? நேராவே சொல்லியிருக்கலாம்."

"அதுக்கில்ல." யாரும் நம்பவில்லை.

வண்டிவரை அவளுடன் நடந்தேன்.

"நான் சொன்னது சரிதானே, லாயிட்?"

"சரிதான்."

"டேன் இங்கயே ஆடியிருந்தா, இதையெல்லாம் யோசிச்சிருப்பேனா?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் வண்டியைக் கிளப்பினாள்.

அடுத்த பருவத்தில் அவள் சொன்னபடியே, ஆளில்லாமல் அணி தோற்றுக்கொண்டே போனது. ஒரெஸ்டை அனுப்பியதால்தான் என்று ஊர் அதற்கும் அவளையே திட்டியது.