வெந்நீரில் சிரித்தவள்

என் மகளை நான் முதன்முதலில் பார்த்தது குப்புறக் கிடந்த நிலையில்தான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளைக் கவிழ்த்துத் தாங்கிக்கொண்டு வந்தார். இடுப்புக்குச் சற்று மேலே எலுமிச்சம்பழ அளவில் சிவப்பாக ஒரு பை. அதன்மேல் ஈரத்துணி. முகத்தைக் காட்டுங்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

தண்டுவடப் பிளவு (கருவிலேயே முதுகெலும்பு முழுதாக மூடாமல், உள்ளிருக்கும் நரம்புகள் வெளியே தள்ளி நிற்பது) என்றார்கள். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு நான் மலையிலிருந்து இறங்கவில்லை. அந்த வாரம் அடைமழை, மரவள்ளி பிடுங்குகிற வேலை வேறு. இதற்காக என்னை நானே போதுமான அளவு திட்டிக்கொண்டுவிட்டேன். படிக்கிற நீங்களும் சேர்ந்து திட்ட வேண்டாம்.

சென்னையில் முதுகை மூடி அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒரு மாதத்தில் தலை வீங்கியது. ஷன்ட் (தலையில் தேங்கும் நீரைத் தோலுக்கடியிலேயே வயிற்றுக்கு இறக்கும் மெல்லிய குழாய்) வைத்தார்கள். அந்த நாட்களில் நான் டாக்டரிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: நடப்பாளா?

"தாங்கி போட்டு நிக்க வைக்கலாம். ஆனா முட்டிக்குக் கீழ வலி, சூடு எதுவும் தெரியாது. அதுல ஜாக்கிரதையா இருங்க" என்றார்.

நிக்க வைக்கலாம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். வலி தெரியாது என்றது ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. எத்தனை ஊசி குத்துகிறார்கள், காலிலாவது வலிக்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். இப்படியும் நினைப்பாளா ஒருத்தி என்று இப்போது தோன்றுகிறது.

மலைமேல், கரியாலூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மகள் யாழினியைக் கொண்டுவந்து சேர்த்ததும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது, அழாத பிள்ளை, சமத்து என்று. எனக்கும் அது பெருமையாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் பிள்ளையைக் குளிப்பாட்ட நீட்டிய கால்மேல் போட்டுக்கொள்வோம். ஊற்றுகிற தண்ணீர் நம் காலிலும் படும். சூடு அதிகமானால் முதலில் நமக்குத்தான் சுரீர் என்னும். நான் தினமும் அப்படித்தான் குளிப்பாட்டினேன். சூட்டை அளக்கத் தனியாக எதுவும் தேவைப்பட்டதில்லை. என் கால் அளந்துகொண்டிருந்தது என்பதே எனக்குத் தெரியாது.

அவளுக்கு ஒன்பதாம் மாதம். மார்கழிக் குளிர். என் வீட்டுக்காரரின் அக்கா அஞ்சலை ஒரு கட்டு நொச்சித் தழையோடு வந்தார்.

"வெந்நில இத போட்டு பாதத்த முக்கி வையி. நரம்பு சூடேறிச்சின்னா தானா ஒதைக்கும் பாரு."

குளியல் இல்லை, பாதம் மட்டும்தானே என்று தழை போட்ட வெந்நீரை ஒரு பிளாஸ்டிக் பேசினில் ஊற்றினேன். குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து அவளை மடி நுனியில் வைத்துக்கொண்டு, இரண்டு பாதங்களையும் தண்ணீருக்குள் விட்டேன். என் கால் பேசினுக்கு வெளியே இருந்தது. ஒரு கை அவள் முதுகில், ஒரு கை கிலுகிலுப்பையில். தண்ணீரில் என் விரல்கூடப் படவில்லை. அவள் சிரித்தாள். கிலுகிலுப்பை ஆட ஆடச் சிரித்தாள். வீட்டுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார்.

வெளியே எடுத்தபோது பாதம் சிவந்திருந்தது. ரத்தம் ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டோம். மறுநாள் காலையில் கொப்புளங்கள். இடது குதிகாலில் தோல் வழன்று துணியோடு வந்தது. அப்போதும் அவள் அழவில்லை. நான்தான் அலறினேன்.

பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினோம். டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"யாராவது சூடு வச்சீங்களா?"

பிள்ளைக்கு வைத்தியம் என்று சூடு போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டாரே என்று ஆத்திரம் வந்தது. "தண்ணி தவறிக் கொட்டிக்கிச்சிங்க" என்று பொய் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "கொட்டியிருந்தா இப்படி வளையம் மாதிரி கோடு விழாதுமா. உண்மையைச் சொல்லு. புண்ணு எவ்ளோ ஆழம்னு நான் தெரிஞ்சிக்கணும். எலும்புல சீழ் இறங்குச்சின்னா பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும். நாளைக்குத் தாங்கிய எதுல மாட்டுவ?"

சொன்னேன். சொல்லும்போது வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "அதுமேல மட்டும் தப்பு இல்லீங்க. நானும் பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தேன். நானும்தான் பாத்து சிரிச்சேன்." கல்யாணமாகி அவர் எனக்காகப் பேசியது அன்றுதான் முதல் தடவை. அதற்கு இப்படி ஒரு நாளா வர வேண்டும்!

பட்ட காலிலே படும் என்று பஸ்ஸில் ஒரு அம்மா அங்கலாய்த்தார். பட்டதே தெரியாத கால் அது, எனக்குத்தான் பட்டது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

புண் ஆற ஐந்து மாதம் ஆனது. நடுவில் இரண்டு முறை சீழ் வைத்தது. ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் எலும்பு தெரிகிறதா என்று பார்க்கத் தைரியமில்லாமல் நர்ஸின் முகத்தைப் பார்ப்பேன். அஞ்சலை அண்ணி ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பிறகு வந்தவர், யாழினியைக் குளிப்பாட்ட வைத்திருந்த தண்ணீரில் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். இன்றும் வந்தால் அதைத்தான் முதலில் செய்கிறார்.

இதே நோயோடு பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நடப்பாளா என்று கேளுங்கள், தப்பில்லை. ஆனால் எதெல்லாம் அவளுக்குத் தெரியாது என்பதையும் அதே கவலையோடு கேளுங்கள்.

அவளுக்கு இப்போது மூன்றரை வயது. இடது குதிகாலில் தோல் பளபளவென்று, மெல்லியதாக இருக்கிறது. அதில்தான் காலிபர் (காலை நிமிர்த்திப் பிடிக்கும் தாங்கி) உட்காருகிறது. அதைப் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்துப் பத்து எண்ணும்வரை நிற்கிறாள். சிறுநீரும் தானாகப் போகாது, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் குழாய் விட்டு எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் காலை, மாலை எல்லாம் போய்விட்டது. இருப்பது அந்த மூன்று மணி நேரம்தான். தலைக்குழாய் எப்போது அடைத்துக்கொள்ளுமோ என்ற பயம் போகவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் பாதங்களை விரல் விரலாகத் தடவிப் பார்க்கிறேன். என் உள்ளங்கை இப்போது என்னுடையது மட்டுமில்லை.

சென்ற சித்திரையில் ஒரு மதியம், காலிபரைக் கழற்றிவிட்டு அவளை வாசல்படி நிழலில் உட்கார வைத்தேன். தவழ்ந்து வெளியே போகக் கிளம்பியவள் வெயில் விழுந்த சிமெண்ட் தரையில் முதலில் உள்ளங்கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள். பிறகு இரண்டு கையாலும் தன் இடது காலைத் தூக்கி மடியில் வைத்து மூடிக்கொண்டாள்.

"சுடுதும்மா. காலுக்குத் தெரியாது, நான்தான் சொல்லணும்" என்றாள்.