என் பல்லுக்கு நடந்த வைத்தியம்

எங்கள் ஊரில் ஒருவருக்குப் பல் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அவர் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். கம்பைநல்லூர்ப் பக்கம் நாங்கள் குடித்த கிணற்றுத் தண்ணீருக்கு அப்படி ஒரு குணம். பால்பல் விழுந்து முளைக்கிற பல்லெல்லாம் பழுப்பாகவே முளைக்கும். அதை யாரும் நோய் என்று நினைத்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில், எண்பதுகளில், மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் பல்லுக்கு மட்டும் மாதாமாதம் மொரப்பூரில் வைத்தியம் நடந்தது. அந்தப் பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு தொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் அக்கா ஒருவர் வீடு வீடாக வந்தார். தோலில் தேமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஆண்கள் காட்டுக்குப் போன நேரமாகப் பார்த்துத்தான் வருவார். எங்களோடு இருந்த அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, தோளில் இருந்த வெளிறிய தேமல் ஒன்றைக் காட்டினாள். நர்ஸ் அக்கா அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து அங்கங்கே தொட்டார். தொட்ட இடத்தில் சின்னம்மா விரலை வைத்துக் காட்ட வேண்டும். கழுத்து, முழங்கை எல்லாம் சரியாகக் காட்டினாள். தேமலைத் தொட்டபோது மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"தொட்டுட்டாங்க சின்னம்மா, நீ தோத்துட்ட" என்று நான் கைகொட்டினேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். விளையாட்டுக்கு எதற்குக் குட்டு என்று எனக்கு விளங்கவில்லை.

அது தொழுநோயின் ஆரம்பம். எனக்கு அது தெரிந்தது வெகுகாலம் கழித்து, சின்னம்மாவே சொல்லித்தான். "பயப்படாதீங்க, ஆரம்பத்துலயே புடிச்சிட்டோம். அரை வருசம் மாத்திர சாப்ட்டா சரியாப் போயிடும்" என்று நர்ஸ் அக்கா தைரியம் சொல்லியிருக்கிறார். நோய்க்கு மாத்திரை இருந்தது. ஊர் வாய்க்கு எங்கே போவது? சின்னம்மாவுக்கு அப்போது தர்மபுரியில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். விஷயம் வெளியே போனால் வரன் போய்விடும். எங்கள் வீட்டில் ஒருவரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். ஆஸ்பத்திரி வண்டி எங்கள் ஊருக்கே வரும்தான். ஆனால் புளியமரத்தடியில் நின்று மாத்திரை வாங்கினால் ஊரே பார்க்கும். மொரப்பூரிலும் அந்த வண்டி நிற்கும், அங்கே எல்லா நோய்க்கும் பார்ப்பார்கள். அங்கே போய்வர ஒரு சாக்கு வேண்டும். அம்மாவுக்கு என் பல் அகப்பட்டது.

எதிர்வீட்டு அத்தை கேட்காமல் விடுவாளா? "ஊருக்கே இந்தப் பல்லுதான். இவளுக்கு மட்டும் என்னா வைத்தியம்?"

"பொட்டப்புள்ளைங்கக்கா. நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சிக் குடுக்கணுமில்ல" என்றாள் அம்மா. காரணம் பொய்யில்லை, ஆள்தான் வேறு.

அப்படியே சின்னம்மாவும் நானும் பஸ் ஏறுவோம். பஸ்ஸில் எனக்கு ஒரே ஒரு குறை. தூக்கம் வந்து சாய்ந்தால், "தள்ளி உக்காரு" என்று என்னை நகர்த்திவிடுவாள். முன்பெல்லாம் அவள் மேல் படுத்துத்தான் நான் தூங்குவேன்.

அம்மா ஒன்றை யோசிக்கவில்லை. ஊரில் பழுப்புப் பல் உள்ள பெண்பிள்ளை நான் ஒருத்தி மட்டுமில்லையே. வைத்தியம் பாதி நடந்திருந்தபோது எதிர்வீட்டு அத்தை தன் மகளுக்குத் தலைவாரிப் பூவைத்து எங்கள் பின்னாலேயே பஸ் ஏறிவிட்டாள். "நம்ம புள்ளைக்கும் பாத்துடலாமுன்னு வந்தேன்." சின்னம்மா வழியெல்லாம் சன்னல் கம்பியை விடவில்லை. மாத்திரையை நர்ஸ் கண்ணெதிரில் விழுங்க வேண்டும் என்பது அங்கே விதி. விழுங்கினால் அத்தை பார்ப்பாள். விழுங்காமல் திரும்பினால் வைத்தியம் விட்டுப்போகும்.

நர்ஸ் அக்கா எங்கள் எல்லோரையும் பார்த்தார். சின்னம்மாவின் முகத்தை மட்டும் இன்னொரு முறை பார்த்தார். பிறகு எங்கள் இருவர் வாயிலும் டார்ச் அடித்தார்.

"அந்தக் கெணத்துத் தண்ணிய நிறுத்துங்க. மழைத்தண்ணி புடிச்சி வெச்சிக் குடுங்க" என்று அத்தையிடம் சொன்னார். "கூட வந்த பொம்பளைங்க ரெண்டு பேருந்தான் வெளுத்துப் போயி இருக்கீங்க. ஆளுக்கு ஒரு வா தண்ணி குடிச்சி மாத்திரயப் போடுங்க."

அத்தைக்குக் கொடுத்தது சத்து மாத்திரை. இருவரும் மடக்கென்று விழுங்கினார்கள். நோயாளி நான், மாத்திரை இவர்களுக்கா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. "தண்ணிய மாத்தச் சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வரணும்" என்று சலித்துக்கொண்ட அத்தை, அப்புறம் மொரப்பூர்ப் பக்கம் வரவில்லை.

கடைசி முறை போனபோது வரன் வீட்டார் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் ஆஸ்பத்திரி வண்டியின் கண்ணாடியில் ஈயென்று இளித்து என் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே பழுப்பாக இருந்தது. பின்னால் நர்ஸ் அக்காவின் குரல் கேட்டது.

"அவ்ளோதாங்க. இனிமே நீங்க வர வேண்டியதில்ல."

பஸ்ஸில் சின்னம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. என் பல்லை ஆஸ்பத்திரியே கைவிட்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. எனக்காக ஒருத்தி இப்படி அழுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அழுவாத சின்னம்மா. நான் வாய மூடிக்கிட்டே சிரிச்சிக்கிறேன்" என்றேன்.

"வேணாம் கண்ணு. நீ நல்லா வாயத் தொறந்தே சிரி" என்றாள். சொல்லிவிட்டு இன்னும் அதிகமாக அழுதாள்.

பல் போனால் போகிறது என்று நான் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன். அன்று அவள் என்னைத் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. அது ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.