நூல் வாக்கில் மட்டும்

இழுத்துப் பார்ப்பது, அழுத்திப் பார்ப்பது, முறுக்கிப் பார்ப்பது, பிறகு கையெழுத்துப் போடுவது: இதுதான் எங்கள் தொழில். திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகளின் தூசுக்கு நடுவே ஒரு சின்ன டெஸ்டிங் லேபில் நான் இன்ஜினியர். "ஒரே வரியில் பதில் சொல்லுங்க" என்று நச்சரிக்கும் ஆட்களிடம் நீங்களும் மாட்டியிருப்பீர்கள், என் அவஸ்தை உங்களுக்குப் புரியும்.

எண்பத்தொன்று

ஒரு பொருளை இழுக்கும்போது அதன் ஒவ்வொரு சதுர அங்குலமும் தாங்கும் விசை தகைவு. அதனால் பொருள் எவ்வளவு உருமாறுகிறது என்பது திரிபு. இரண்டுக்கும் நடுவே தரகர் மாதிரி நிற்பது மீட்சி டென்சர் என்கிற எண் அட்டவணை. எந்தப் பக்கம் இழுத்தால் எந்தப் பக்கம் நீளும், சுருங்கும், சாயும் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் எண் உண்டு. மொத்தம் எண்பத்தொன்று. ஒன்றுக்கொன்று சமமானவற்றைக் கழித்தால் இருபத்தொன்று.

சாதாரண எஃகு நல்ல பிள்ளை. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும், அதற்கு இரண்டே எண்கள் போதும். கம்பிகளையே சோதித்துக்கொண்டிருந்த எனக்கு மற்ற எண்களெல்லாம் எதற்கென்று வெகுநாள் விளங்கவில்லை. டீ நேரத்தில் இதை மெஷின் ஓட்டும் சலீம் பாயிடம் சொன்னேன். அவர் வடையைப் பிட்டபடி சொன்னார்: "ரெண்டு போதும்னா ரெண்டோட வுடு மேடம். மிச்சம் கீறது தானா வந்து நிக்கும்."

போட் போகிற வாக்கு

வந்து நின்றவர் தேசப்பன். எண்ணூரில் ஃபைபர் போட் கட்டுபவர். நூலெல்லாம் ஒரே பக்கமாக ஓடும் புதுவகைக் கண்ணாடி இழைத் துணியை வாங்கி, ரெசின் பசை தடவி, தங்கை கணவருக்காக ஒரு போட் கட்டியிருந்தார். மச்சானோ, லேப் பேப்பரைக் கண்ணில் காட்டினால்தான் கடலில் இறக்குவேன் என்றுவிட்டாராம். அதனால் அதே துணியில் செய்த ஒரு தகட்டையும், அதிலிருந்து வெட்டிய ஒரு பட்டையையும் கொண்டுவந்திருந்தார்.

பட்டையை இழுத்தோம். நீளவும் மாட்டேன் என்றது, லேசில் அறுபடவும் மாட்டேன் என்றது. தேசப்பனுக்கு வாயெல்லாம் பல். நான் பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நூல் ஓடும் வாக்கிலேயே வெட்டியிருந்தார். குறுக்கே வெட்டியதும் வேண்டும் என்றேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "போட்டு நீட்டுவாக்குல தான மேடம் போவுது? குறுக்கால இஸ்து இன்னா பண்ணப் போற?"

நேராக இழுத்தால்

அவர் தகட்டிலிருந்தே குறுக்காக ஒன்றும் சாய்வாக ஒன்றும் வெட்டினோம். குறுக்குப் பட்டை சொற்ப இழுப்புக்கே பட்டென்று விட்டுக்கொண்டது. அங்கே தாங்கியது நூல் அல்ல, வெறும் ரெசின். சாய்வுப் பட்டை இன்னும் விசித்திரம். நேராகத்தான் இழுத்தோம், அது லேசாகப் பக்கவாட்டில் நெளிந்தது. பிடி கோணலாகிவிட்டது என்று சலீம் பாய் கழற்றி மாட்டினார். மறுபடியும் அதே நெளிவு.

இரும்பில் பூஜ்யமாகவே கிடக்கும் எண்கள் இங்கே உயிரோடு இருக்கின்றன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேராக இழுத்தால் சாய்வதற்கும் ஓர் எண்! உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தேசப்பனின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. கட்டி முடித்த போட் கரையில் நிற்கிறதே. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "மொத பட்டைக்கு வந்த நம்பர் பொய்யா மேடம்? பொய் இல்லன்னா அத்த மட்டும் எய்திக் குடு."

பேப்பர்

பொய் இல்லை, அதுதான் சங்கடம். உண்மையான எண்ணுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் அதை நம்பி ஒரு மனிதர் கடலுக்குப் போவாரே என்று பயமாக இருந்தது. மூன்று எண்களையும் எழுதினேன். முதல் எண்ணின் பக்கத்தில் என் கைப்பட 'நூல் வாக்கில் மட்டும்' என்று சேர்த்தேன். தேசப்பன் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, விருட்டென்று போய்விட்டார்.

அதற்கப்புறம் ஆளைக் காணோம். எண்ணூர் பக்கம் போகும்போதெல்லாம் போட் இறங்கிவிட்டதோ என்று கரையை எட்டிப் பார்ப்பேன். பிறகு ஒருநாள் அவரே வந்தார். கையில் நீட்டில், குறுக்கில், சாய்வில் என்று வெட்டிய புதுப் பட்டைகள். போட் முழுக்க உள்பக்கம் துணியைக் குறுக்கேயும் சாய்த்தும் மறுபடி ஒட்டியிருக்கிறாராம், அதே மாதிரி செய்த தகட்டின் பட்டைகள் இவை. மூன்றும் தாங்கின. அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு அவ்வளவு கோபமாகப் போனீர்களே, எப்படி மனசு மாறியது என்று கேட்டேன். மச்சான் பேப்பரை வாங்கி, எண்களை விட்டுவிட்டு, நான் கையால் எழுதிய வரியில் விரலை வைத்தாராம். தேசப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "'கடலு நூலு பாத்தா அடிக்கும், மச்சான்?'னு கேட்டான். மறுநாளே துணி வாங்கியாந்துட்டேன் மேடம்."

ஒரு நம்பர் கேட்டு வருபவரை மூன்று நம்பரோடு அனுப்பிவைக்கும் எங்களுக்கு இந்தத் தொழிலில் நல்ல பெயர் கிடைப்பதில்லை, போட் மட்டும் கரைக்குத் திரும்பி வந்துவிடுகிறது.