பெட்ரோல் மூடிக்குப் போட்ட சந்தனம்

வல்லக்கோட்டை முருகன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதை நீங்கள் நம்பப்போவதில்லை.

“இன்னொரு வாட்டி வழியில நின்னா, காயலான் கடைதான்” என்று என் பழைய கார்புரேட்டர் காருக்கு வீட்டுக்காரி தீர்ப்பு எழுதிவிட்டாள். அதனால் இன்று காலை அவளையும் ஏற்றிக்கொண்டு போய், கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டு, ஓர் இடம் விடாமல் சந்தனம் அப்பினேன்.

ஒரகடம் தாண்டுவதற்குள் நின்றது.

பின்னால் வந்த கம்பெனி பஸ்ஸிலிருந்து நானூறு பேர் குதித்தார்கள். அத்தனை பேரும் தினமும் கார் செய்கிறவர்கள். “இன்னா சார், கோளாறு பாக்க லேப்டாப் சொருகுற எடமே காணோம்?” என்றார் ஒருவர். ஃபில்டரை ஊதினார்கள், பம்பைத் தட்டினார்கள், கார்புரேட்டரைக் கும்பிட்டார்கள்.

“மொதல்ல பெட்ரோல் இருக்குதான்னு பாருங்க” என்று வீட்டுக்காரி டேங்க் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று டேங்க் இழுத்த மூச்சில் நாலு பேர் தொப்பி உள்ளே போய்விட்டது. சாவியைத் திருப்பினேன், வண்டி கிளம்பியது.

மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதை என் சந்தனம் அடைத்திருந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் வெளியே வராதாம்.

“கார் இருக்கட்டும். உங்களத்தான் காயலான் கடைல போடணும்” என்றாள்.

அங்கே ஆளை எடுப்பார்களா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நானூறு பேரும் தொப்பியும் என் கைச்சரக்கு. சந்தனம் மட்டும் நிஜம். இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது.