சோடாபுட்டி கடலுக்குள் போன கதை

என் சித்திக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் உலகம் அரை முழத்தோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் தண்ணீர் கொட்டிய ஓவியம்தான். காலையில் விழித்ததும் கண்ணைக்கூடத் திறக்காமல் கட்டிலுக்குப் பக்கத்து மேசையைத் தடவுவாள். விரல் இடம் வலமாகப் போய்க் கண்ணாடி மேல் உட்காரும். அதற்குப் பிறகுதான் அவளுக்கு விடியும். எட்டு வயதில் முதல் கண்ணாடி வந்த அன்றே என் அம்மா, அதாவது அவளுடைய அக்கா, "சோடாபுட்டி" என்று பெயர் வைத்துவிட்டாள். அக்கா வைத்த பெயர் லேசில் உதிருமா? இன்று சித்தி ஒரு பெரிய பேக்கரியில் தலைமை மாஸ்டர். அவள் முறைத்தால் மாவு பிசைகிறவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தால் மட்டும் இன்னும் சோடாதான்.

அம்மாவுக்குத் தண்ணீரைக் கண்டால் கால் தரையில் நிற்காது. குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனால் அம்மா அலைக்குள், சித்தி காவலுக்கு. எல்லோருடைய செருப்பும், பையும், துண்டும், கைக்கடிகாரமும் அவள் பொறுப்பு. பதினைந்து வயதில் ஒருமுறை மனசு கேட்காமல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கியிருக்கிறாள். திரும்பி வந்தவள் நேராக வேறொரு குடும்பத்தின் பாயில் போய் உட்கார்ந்து, யாரோ ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது, தட்டை எடு" என்றாளாம். அவர்களும் நல்லவர்கள், தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது வாய் சாப்பிடும்போதுதான் அம்மாவின் சிரிப்பு வேறு பக்கமிருந்து கேட்டது.

எங்கள் வீட்டில் நாலு பேர் சேர்ந்தால் அம்மா இந்தக் கதையைக் கைகால் ஆட்டிச் சொல்லாமல் விடமாட்டாள். சித்தியும் கூடவே சிரிப்பாள். சிரித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். அதில் அழுக்கு எதுவும் இருக்காது. எனக்கு அந்தக் கதையைக் கேட்டாலே எரிச்சல் வரும். அந்தப் பாயில் போய் உட்கார்ந்த நாளுக்குப் பிறகு சித்தி கடலில் கால்கூட நனைத்ததில்லை.

இப்படி இருந்தவளைக் கிளப்பிவிட்டது ஒரு கேக். எங்கள் தெருப் பல் டாக்டர் அம்மா தன் மகனின் பிறந்தநாளுக்குக் கடலடி மாதிரி ஒரு கேக் கேட்டிருந்தார். சித்தி படங்களைப் பார்த்துப் பார்த்துச் சர்க்கரையிலேயே பவளம், பாசி, மீன் என்று செய்து வைத்தாள். டாக்டர் முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகிறவர். கேக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்குங்க. ஒரே ஒரு குறை. மீன் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துட்டு இருக்கு. கீழே போய்ப் பார்த்தா அப்படி இருக்காது. ஒரு தடவை போய்ப் பாருங்களேன்" என்றாராம்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சித்தி சொன்னாள், "நான் கடலுக்குள்ள போய் மீன் பார்க்கப் போறேன்."

"மார்க்கெட்டுக்குப் போனா போதாதா?" என்றார் சித்தப்பா.

அம்மா விடுவாளா? "கண்ணாடி இல்லாம வாசல்ல நிக்கிற என்னையே உனக்குத் தெரியாது. கடலுக்குள்ள போய் யார் வீட்டுத் துண்டை உருவப் போறே?"

"அதான் அக்கா பார்க்கணும்" என்றாள் சித்தி. "எனக்குத் தெரியுமா, தெரியாதான்னு. ஒரே ஒரு தடவை."

அவள் குரலில் விளையாட்டு இல்லை. மறுநாளே நான் வண்டியை எடுத்தேன்.

முதலில் போனது வணிக வளாகத்தில் இருந்த கடை. சித்தியை வாசலில் இறக்கிவிட்டு நான் வண்டி நிறுத்த இடம் தேடி வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. முகத்தில் மாட்டும் மாஸ்க்கைப் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றியாக வேண்டும். கழற்றினால் எதிரில் இருக்கும் நிலைக்கண்ணாடியில் தெரிவது பிசைந்து வைத்த மாவு உருண்டை. கண் தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். டை கட்டிய விற்பனையாளர் எதை மாட்டினாலும் "சூப்பர் மேடம், உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றிருக்கிறார். கடைசியில் எப்படியோ பவர் பற்றிக் கேட்டதற்கு, "தண்ணிக்குள்ள எல்லாமே பெருசாத் தெரியும் மேடம், கண்ணாடியே வேண்டாம்" என்று அடித்துவிட்டார். சித்திக்கு அதை நம்ப வேண்டும் போல இருந்தது. நம்பிவிட்டாள்.

வண்டியில் பையைப் பிரித்தேன். காலில் கட்டிக்கொள்ளும் ஒரு கத்தியும் உள்ளே இருந்தது.

"கத்தி எதுக்கு சித்தி?"

"சுறா வந்தா என்ன பண்றது?"

"வந்தா? கேக் வெட்டிக் குடுப்பியா?"

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், மாஸ்க்கின் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பில் டால்பின் குட்டிகள் குதித்துக்கொண்டிருந்தன. பெட்டியில் சிறுவர்களுக்கானது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சித்தி அதை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குளியலறைக்குப் போய் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, அடியில் ஒரு கரண்டியைப் போட்டு, மாஸ்க்கோடு தலையை உள்ளே விட்டாள். கரண்டி தெரியவில்லை. வெளிச்சம் மட்டும்தான் ஆடியது. அடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன்மேல் மாஸ்க்கை மாட்டினாள். காதுக் கம்பி போகும் சந்து வழியாகத் தண்ணீர் புகுந்து மூக்கில் ஏறியது. அவள் வாளிக்குள் களகளவென்று திணறிய நேரம் பார்த்துச் சித்தப்பா கதவைத் திறந்தார். பெண்டாட்டி தலைகீழாக வாளிக்குள் கிடக்கிறாள். மனிதர் ஆடிப்போய் நின்றார்.

"ஏம்மா, எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சித்தி தலையை எடுத்தபோது கண் சிவந்திருந்தது. என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "விடு, நமக்குக் கரைதான்" என்று சொல்லி மாஸ்க்கைப் பெட்டிக்குள் வைத்தாள். அந்த ஒரு வார்த்தைதான் எனக்குத் தாங்கவில்லை. நேராகப் பல் டாக்டருக்குப் போன் போட்டு, நீங்கள் எந்தக் கடையில் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "படகுத்துறைக்குப் பின்னாடி சந்துல இருக்கு. போர்டைத் தேடாதீங்க. வாசல்ல நனைஞ்ச உடுப்பு தொங்கும்" என்றார்.

தொங்கியது. மோட்டார் பழுது பார்க்கும் கடைக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவில், தலையில்லாத கறுப்பு ஆட்கள் வரிசையாக நிற்பது போல ரப்பர் உடைகள் சொட்டிக்கொண்டிருந்தன. உள்ளே உப்பு வாடையும் ரப்பர் வாடையும். கிராப்பு வெட்டிய ஒரு அம்மா தரையில் உட்கார்ந்து காற்றுக்குழாய் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. "யாருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

சித்தி சூடு கண்டவள். இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு படபடவென்று சொன்னாள், "எனக்குங்க. ஆனா முதல்லயே சொல்லிடறேன். இது இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது. மைனஸ் எட்டு."

"ரெண்டு கண்ணும் எட்டா?"

செருப்பு அளவு கேட்கிற மாதிரிக் கேட்டார். சித்தி திணறி, "வலது எட்டு, இடது ஏழரை" என்றாள். கடைக்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஒரு இழுப்பறையை இழுத்தார். சின்னச் சின்னக் காகித உறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பவர் லென்ஸ், அரை அரையாக ஏறிக்கொண்டே போயின. "மாஸ்க் கண்ணாடியக் கழட்டிட்டு இதை மாட்டிடலாம். உங்களை மாதிரி நிறையப் பேர் வர்றாங்க" என்றார். சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை காலம் உலகத்தில் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள் போல.

"இப்பக் கண்ணாடியக் கழட்டிட்டுக் கண்ணை மூடிக்கோங்க. அழகு பார்க்க வேண்டாம். மூஞ்சி சொல்லும்."

வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை உள்ளே இழுத்து, கையை எடுத்துவிட வேண்டும். விழாமல் நின்றால் அது நம்முடையது. முதல் மாஸ்க் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. இன்னொன்றில் நெற்றி முடி மாட்டிக் காற்று போனது. அதற்கடுத்தது பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. சித்தி குனிந்தாள், தலையை ஆட்டினாள், அது அசையவே இல்லை. கடைக்கார அம்மா அதை வாங்கி லென்ஸ்களை மாற்றிப் பொருத்தித் திருப்பிக் கொடுத்தார்.

சித்தி மாட்டிக்கொண்டு கண்ணைத் திறந்தாள். எதிர்ச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். பிறகு, மூக்கடைத்த குரலில், "தீயணைப்புக் கருவி" என்று படித்தாள். "ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கவும்." அடுத்த சுவருக்குத் திரும்பி, "ஈரத்தோடு நாற்காலியில் உட்கார வேண்டாம்." அப்புறம் கடையில் எழுத்து இருந்த இடமெல்லாம் படித்தாள். குரல் ஏறிக்கொண்டே போனது. நாட்காட்டியில் கிழித்தது போக மிச்சமிருந்த தேதியைக்கூட விடவில்லை.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. சிலிண்டர் வேண்டும், உடை வேண்டும், எல்லாம் வேண்டும். கடைக்கார அம்மா தலையை ஆட்டிவிட்டார். "மாஸ்க், மூச்சுக்குழாய், வாத்துக்கால். இது மூணும் போதும். மத்ததை வாடகைக்குத் தர்றேன். நாலு தடவை இறங்கி ஏறுங்க, எது வேணும்னு உங்களுக்கே புரியும்." காசு வேண்டாம் என்று சொல்கிற கடையை நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஒரு கத்தி வாங்கி வச்சிருக்கேன், அது வேணுமா?" என்று சித்தி மெதுவாகக் கேட்டாள்.

"எதுக்கு?"

நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன். சித்தி அவசரமாக வாத்துக்காலை, அந்த நீள ரப்பர் துடுப்புகளை, மாட்டிப் பார்க்க உட்கார்ந்தாள். அதை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தால் தடுக்கும் என்பதால் பின்பக்கமாகவே நடந்து தெருவரைக்கும் போய்விட்டாள். மோட்டார் கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். புது மாஸ்க்கின் உட்புறத்தைப் பற்பசை போட்டுத் தேய்க்க வேண்டும், இறங்குவதற்கு முன் உள்ளே எச்சில் துப்பி அலசினால் ஆவி படியாது என்று கடைக்கார அம்மா சொல்லிக்கொடுத்தார். "அட, இத்தனை வருஷமா அடுப்பைத் திறக்கும்போதெல்லாம் கண்ணாடியத் துடைச்சே சாகிறேனே" என்றாள் சித்தி. "தயவுசெஞ்சு பேக்கரியில ஆரம்பிச்சிடாதே" என்றேன்.

புறப்படும்போதுதான் கடைக்கார அம்மா அதைச் சொன்னார். "முதல்ல நீச்சல் கத்துக்கோங்க, மாஸ்க்கோடயே கத்துக்கலாம். அப்புறம் குளத்துல பயிற்சி. அதுல தண்ணிக்கடியில மாஸ்க்கைக் கழட்டித் திரும்ப மாட்டணும். அது ஆகாம நான் யாரையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேன்."

வரும் வழியெல்லாம் சித்தி மாஸ்க் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தாள்.

நீச்சலை எப்படியோ கற்றுக்கொண்டாள். குளத்துப் பயிற்சி தொடங்கியபோது அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "இவளைத் தனியா விட முடியுமா? நான் எப்படிப் பண்றேன்னு பார்த்துக் கத்துக்கட்டும்." இப்போது செருப்புக்கும் பைக்கும் காவல் நான். சித்தியின் கண்ணாடி என் கையில்.

தண்ணீர் தெளிவாக இருந்ததால் மேலிருந்தே எல்லாம் தெரிந்தது. அடித்தரையில் கடைக்கார அம்மா, அம்மா, சித்தி மூன்று பேரும் வாடகைச் சிலிண்டரோடு மண்டியிட்டிருந்தார்கள். கடைக்கார அம்மா சைகை காட்டினார். அம்மாதான் முதலில் கழற்றினாள், வேறு யார்? கழற்றிய நொடியில் அவளுக்குத் தண்ணீருக்குள் ஒன்றும் தெரியாமல் போயிற்று. கடலில் தலையை மேலே வைத்து நீந்தியே பழகியவள். மூக்கில் தண்ணீர் ஏற, பயத்தில் கைகளை வீச, மாஸ்க் நழுவி விழுந்தது. கடைக்கார அம்மா அவளை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

சித்தியும் தன் மாஸ்க்கைக் கழற்றி முழங்கையில் மாட்டியிருந்தாள். கண் மூடியிருந்தது. முழங்காலில் ஏதோ இடித்ததாம். அவள் பதறவில்லை. தினமும் காலையில் செய்வதைத்தான் செய்தாள். கை தரையைத் தடவி இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது, அக்காவின் மாஸ்க் மேல் உட்கார்ந்தது. பிறகு அக்காவின் கையைத் தேடிப் பிடித்து, மாஸ்க்கைச் சரியான பக்கம் திருப்பி, அந்தக் கைக்குள் வைத்து மூடினாள். அதற்கப்புறம்தான் தன்னுடையதை மாட்டி, தலையை நிமிர்த்தி மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றினாள்.

அம்மா மேலே வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள். "ஒண்ணுமே தெரியலைங்க" என்றாள்.

"மாஸ்க் இல்லாட்டி அங்க யாருக்கும் தெரியாது" என்றார் கடைக்கார அம்மா. "உங்க தங்கச்சிக்கு அது பழக்கம், அவ்வளவுதான்."

அம்மா திரும்பிச் சித்தியைப் பார்த்தாள். "ஏண்டி, உனக்கு எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

"இதைவிடக் கொஞ்சம் தேவலை" என்றாள் சித்தி.

துண்டுக் கதையை அம்மா அதற்குப் பிறகு சொல்லவே இல்லை. யாராவது எடுத்துக்கொடுத்தாலும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறாள்.

கடலுக்குப் போன அன்று நான் படகில் கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்துத் தீர்த்தேன். கீழிருந்து வரும் குமிழிகளில் எது சித்தியுடையது என்று தெரியவில்லை. ஒரு வழியாக அம்மாவின் தலை வந்தது, பக்கத்திலேயே சித்தியின் தலை. வாயிலிருந்த குழாயை எடுத்ததுதான் தாமதம், சித்தி கொட்டித் தீர்த்துவிட்டாள். மீன்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்க்கிறதாம். ஒன்று வாயைத் திறந்தபோது அதன் பல் தெரிந்ததாம். தெரிந்தது, தெரிந்தது என்று நூறு தடவை சொல்லியிருப்பாள். படகில் ஏறி உட்கார்ந்த பிறகும் மாஸ்க்கைக் கழற்றவில்லை.

"சரிடி, எல்லாத்துலயும் எது ரொம்பப் பிடிச்சது?" என்று கேட்டாள் அம்மா.

"நீதான் அக்கா."

அம்மாவுக்குப் புரியவில்லை.

"கரையில உக்காந்திருந்தா உன் தலை மட்டும்தான் தெரியும். அது அலைக்குள்ள மறைஞ்சா, திரும்ப வர்ற வரைக்கும் எண்ணிட்டே இருப்பேன். எத்தனை வருஷம் எண்ணியிருக்கேன். கீழே நீ என்னதான் பண்றேன்னு இன்னைக்குத்தான் பார்த்தேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். "எப்படி நீந்துறேன்?" என்றாள் கடைசியில்.

"தவளை மாதிரி. காலை அகட்டி அகட்டி."

அம்மா சிரித்தாள், சித்தியும் சிரித்தாள். நான் கண்ணாடியை நீட்டினேன். "நீயே வச்சிரு, இன்னொரு தடவை இறங்கணும்" என்று சொல்லிவிட்டுச் சித்தி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.